இயந்திரத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூல்

மனிதக் கையின் வரலாறு எங்கள் மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவுக்கு வந்தது. முடித்து வைத்தவன் நான். ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைத் தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டில், அதுவரை நாங்கள் கையால் செய்ததுபோல், சொட்டுச் சொட்டாக விடும் இயந்திரத்தை அன்றுதான் ஓடவிட்டேன்.

சீனியர் அக்கா மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சொட்டையும் எண்ணினார்.

"என்னக்கா, அது எங்கயும் ஓடிப் போயிடாது."

"அது போகாதுடா. சொட்டு குழி மாறி, ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போச்சுன்னா?"

"மாறினா அதுவே கத்தும். நீங்க போய் டீ குடிங்க."

'ரோபோவுக்கு ஆயா' என்று பட்டமும் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு மறுபடியும் வலிப்பு. டாக்டர் உங்க லேபுக்குத்தான் ரத்தம் அனுப்பியிருக்கார். ரிப்போர்ட்டைப் பார்த்துதான் மருந்தை மாத்துவாராம்."

"கவலைப்படாதே. எல்லாம் மெஷின் பார்த்துக்கும்."

பாப்பாவுக்கு நாற்பத்தோராவது குழி. பொத்தானை அழுத்தினேன். இயந்திரம் ஒழுங்காகத்தான் ஓடியது. அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்டூலைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்னடா ஆயா, எத்தனையாவது?"

"பேசாதீங்கக்கா. முப்பத்தொன்பது."