கண்ணை மூடாதவள்

தையல்காரியின் அலைபாயும் மனசைப் பிடித்த பிசாசை விரட்ட, போதகர் அவள் தலையில் கைவைத்து முழங்கினார். அது ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைபாடு என்று டாக்டர் சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"கண்ண மூடும்மா!"

சபையே கண்ணை இறுக மூடியிருந்தது. அவள் பார்வையோ மின்விசிறி, பல்லி, யாரோ கழற்றிய செருப்பு என்று மேய்ந்து, மாடிப்படி விளிம்புக்குத் தவழ்ந்துபோன போதகரின் குழந்தையில் நின்றது. பாய்ந்து ஓடினாள்.

"பாருங்க, பிசாசு ஓடுது!" என்றார் போதகர், கண்ணைத் திறக்காமலே.

திறந்தபோது குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. படியையும் குழந்தையையும் மாறிமாறிப் பார்த்தவர், "கர்த்தர்தான் காப்பாத்துனார்" என்றார்.

ஆண்டவர் தன்னையும் ஓர் ஆளாக மதித்து வேலை ஏவியிருக்கிறார் என்று அவள் முதன்முறையாக நம்பினாள்.

"ஆமாங்க ஐயா. நீங்க எல்லாரும் கண்ண மூடிக்கிட்டீங்க, அவருக்கு என் கண்ணுதான் கெடச்சுது. அதையும் மூடச் சொல்லாதீங்க."