டீசலுக்கு மட்டும்

சுவாமிதாஸின் பழைய அம்பாசடரில் நாலு பேர் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். பாறசாலையில் வண்டியை எடுப்பவர் அவர். ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். நெய்யாற்றின்கரையில் ரத்னாபாயும் ஷாஜியும் ஏறுவார்கள். பாலராமபுரத்தில் பிந்து. ஷாஜி மருந்துக் கம்பெனி விற்பனை ஆள் என்பதால் காலையில் மட்டும்தான் வருவான். சாயங்காலம் அவன் வழி வேறு.

ஆரம்பத்தில் டீசல் செலவை நாலாக வகுத்தார்கள். பாதி வழியில் ஏறுகிற நான் ஏன் முழுப் பங்கு கொடுக்க வேண்டும் என்று பிந்து முகம் சுளித்தாள். நான் ஒருவேளைதானே வருகிறேன் என்றான் ஷாஜி. ரத்னாபாய் நகரத்தில் பட்டம் என்ற இடத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட் ஒன்று போட்டாள். யார் எங்கே ஏறுகிறார், எத்தனை கிலோமீட்டர், ஒருவேளையா இரண்டுவேளையா என்று கட்டம் கட்டமாக நிரப்பினால், மாதக் கடைசியில் பங்கு பைசா சுத்தமாக வந்து நிற்கும். அதில் ரிப்பேருக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தாள்.

அச்செடுத்த தாளைப் பார்த்ததும் ஷாஜி சொன்னான்: "வண்டி அண்ணனுக்க. அப்போ ரிப்பேரும் அண்ணனுக்க பாடு. நாம டீசலுக்குள்ள பைசா குடுத்தா மதி."

"அது மதி, அது போதும்" என்று சுவாமிதாஸே முந்திக்கொண்டு சொன்னார். ரத்னாபாய் அந்தக் கட்டத்தை அழித்தாள். அதன் பிறகு ஒரு வருஷம் வண்டிக்குள் பணத்தைப் பற்றி ஒரு முணுமுணுப்பு கிடையாது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷ இடவப்பாதி என்னும் பருவமழை வலுத்த வாரத்தில்தான் ரத்னாபாய்க்குச் சந்தேகம் தட்டியது. அவள் முன்சீட்டில் உட்காருபவள். முன்பெல்லாம் பிரேக்கை ஒரு தடவை மிதித்த சுவாமிதாஸின் கால், இப்போதெல்லாம் இரண்டு மூன்று தடவை மிதித்தது. பள்ளிச்சல் இறக்கத்தில் ஒரு நாள் முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்க ஏணி கண்ணாடிக்கு அருகே வந்து நின்றபோது, அவள் தன்னையறியாமல் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தாள்.

"என்ன அண்ணே, பிரேக்கு பிடிக்கல்லியா?"

"ஒண்ணும் இல்ல பிள்ளே. மழையில்லா? நனஞ்சிருக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் பிந்து இறங்கிய பிறகு வண்டியில் அவர்கள் இருவர் மட்டும். ரத்னாபாய் விடவில்லை. நெய்யாற்றின்கரை வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். சுவாமிதாஸ் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னார்.

"வீல் சிலிண்டர் ஒழுகுது. தெனமும் பிரேக் ஆயில் ஊத்திட்டுத்தான் எடுக்கியேன். ஒர்க்‌ஷாப்புல மூவாயிரம் கேக்கான். மகளுக்க நர்சிங் பீஸ் கெட்டுன மாசம். அடுத்த சம்பளம் வரட்டு."

"அதுவரைக்கும் நாங்க உயிரக் கையில பிடிச்சிட்டு இருக்கவா? நாலு பேரும் போடுவோம் அண்ணே."

"வேண்டாம்." அவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "சுவாமிதாஸ் வண்டிய வச்சு கச்சவடம் பண்ணி லாபம் எடுக்கான்னு சொல்லுவினும். நீ ஆருகிட்டயும் பேசப்பிடாது, கேட்டியா?"

பேசத்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஷாஜிக்குப் போன் போட்டாள்.

"சேச்சி, சொன்னா சொன்னதுதான்" என்றான் அவன். "இன்னைக்கு பிரேக்கு, நாளைக்கு பேட்டரி. பின்னே அவருக்க மகளுக்க கல்யாணத்துக்கும் ஷீட்டில ஒரு கட்டம் போடுவியளா?"

"பிந்துவுக்கு வயித்துல ஆறு மாசம், ஷாஜி."

"அண்ணன் இருவது வருஷமா ஓட்டுதாரு. பயப்படாதீங்க."

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு ஜங்ஷனில் போய் நின்றாள். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்பாசடர் வந்தது, வழக்கமாக நிற்கும் மைல்கல்லைத் தாண்டி ஒரு வண்டி நீளம் உருண்டு போய்த்தான் நின்றது. அங்கே நின்றிருந்த ஷாஜி கதவைத் திறந்தான். ரத்னாபாய் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க. பைசா நான் தாறேன், பிறகு பாத்துக்கிடலாம். இப்ப எடுக்கப்பிடாது."

பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுவாமிதாஸின் முகம் கறுத்தது. "எனக்க வண்டிக்கு நீ பைசா தருவியா? வழிய விடு பிள்ளே."

"விடமாட்டேன்."

"சேச்சி, எனக்கு ஒம்பது மணிக்கு மீட்டிங்" என்று ஷாஜி கடிகாரத்தைத் தட்டினான். பிறகு டிரைவர் பக்கம் போனான். "நீங்க அங்க மாறி இரிங்க அண்ணே. கியரில பிடிச்சு மெல்ல ஓட்டினா ஒண்ணும் வராது. நான் எடுக்கேன்."

ஏன் அவர் நகர்ந்துகொடுத்தார் என்பது பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. அத்தனை கண்களுக்கு முன்னால் அங்கிருந்து போய்விட்டால் போதும் என்றிருந்திருக்கும். ஷாஜி வண்டியைப் பின்னால் எடுத்து, அவளைச் சுற்றி ஒடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அப்போதுதான் ரத்னாபாய்க்கு உறைத்தது. பாலராமபுரத்தில் பிந்து நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் மொபைல் கிடையாது. வண்டி வந்ததும் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, சிரித்துக்கொண்டே ஏறிவிடுவாள். அவளிடம் யார் சொல்வார்கள்?

ரத்னாபாய் முதலில் கண்ட ஆட்டோவில் பாய்ந்து ஏறினாள். "அந்த அம்பாசடர முந்தணும். வேகம் போங்க."

முந்த முடியவில்லை. செங்கல் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். லாரியைக் கடந்தபோது முன்னால் ரோடு வெறிச்சென்று கிடந்தது. ரத்னாபாய் குடையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். இயேசப்பா, பிந்து இன்றைக்கு லீவு போட்டிருக்கட்டும்.

பிந்து ஏறும் பாலராமபுரத்துக்கு முன்பே, வழிமுக்குக்கு முந்திய இறக்கத்தில் கூட்டம் தெரிந்தது.

அம்பாசடர் ரோட்டை விட்டிறங்கி, ஒரு டீக்கடையின் முகப்புக்குள் மூக்கை நுழைத்திருந்தது. தூண் முறிந்து கூரைத் தகடு பானட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. பலகார அலமாரி நொறுங்கி, கண்ணாடித் துண்டுகளுக்கிடையே பழம்பொரி சிதறியிருந்தது. ரத்னாபாய் கூட்டத்தை விலக்கி உள்ளே போனாள். முன்சக்கரத்தின் கீழே உடைந்த பெஞ்சு. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

"ஆரு? கீழ ஆரு?" என்று கத்தினாள்.

கடைக்காரர் மைதீன் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து தலையை ஆட்டினார். "ஆளில்ல." கூட்டத்தின் ஓரத்தில் ஒரு முதியவர், ஒரு காலில் செருப்பில்லாமல், கையில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். மைதீன் சீனி போட மறந்துவிட்டதால், அதைக் கேட்கப் பெஞ்சிலிருந்து எழுந்து போயிருந்தாராம்.

ஷாஜியின் நெற்றியில் ரத்தம். இடது மணிக்கட்டு வீங்கிப் பருத்திருந்தது. "மிதிச்சேன் சேச்சி. பெடல் தரைவரைக்கும் போச்சு, பிடிக்கவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சுவாமிதாஸுக்குக் காயமில்லை. வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு ஆரு பதில் சொல்லுவா?" என்றார் மைதீன்.

"நான்" என்றார் சுவாமிதாஸ். "எல்லாம் நான் தாறேன்."

"எதுலேருந்து அண்ணே?" என்று ரத்னாபாய் மெதுவாகக் கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "எனக்க கையில ஒண்ணும் இல்ல பிள்ளே" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. சொல்லிவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரத்னாபாய் ஆட்டோக்காரரை அனுப்பிப் பிந்துவிடம் விஷயத்தைச் சொல்லச் சொன்னாள். ஷாஜியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அடுத்த ஞாயிறு சுவாமிதாஸின் வீட்டில் நால்வரும் கூடினார்கள். அது சுலபமான பேச்சாக இருக்கவில்லை. "நான் அன்னைக்கு வண்டியிலேயே இல்லியே சேச்சி" என்று பிந்து அழுதாள். அதில் நியாயம் இருந்தது. ரத்னாபாயும்தான் வண்டியில் இல்லை. கடையில் நேர்ந்த சேதம் ஓட்டினவனுக்கும், ஓட்டக் கொடுத்தவருக்கும் பாதிப் பாதி என்றாள் ரத்னாபாய். ஆனால் பிரேக் ஒரே நாளில் தேய்ந்ததல்ல. ஒரு வருஷமாக நாலு பேரையும் சுமந்து தேய்ந்தது. அதற்கு அவரவர் கிலோமீட்டர்படி பங்கு. ஷாஜி மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையால் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு சரி என்றான். பிந்து தன் பங்கைக் கொடுத்தாள். ஆனால் அப்புறம் அந்த வண்டியில் ஏறவில்லை, பஸ்ஸிலேயே போனாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

வண்டி ஒர்க்‌ஷாப்பிலிருந்து வர ஒரு மாதம் ஆயிற்று. ஆள் ஒன்று குறைந்து, ரிப்பேர் கட்டமும் ஷீட்டில் திரும்ப ஏறியதால், பங்குத் தொகை முன்பைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது. ஓணம் கழிந்து ஒரு காலை, கரமனைப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது, சுவாமிதாஸ் தொண்டையைச் செருமினார்.

"முன்டயரு ரெண்டும் வழுக்கையாச்சு. இப்பவே சொல்லிப்போடுதேன்."

பின்சீட்டில் ஷாஜி வாயைத் திறந்தான், மூடினான். ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தான்.

"எவ்வளவு ஆவும் அண்ணே?" என்று கேட்டான்.