சிலைக்கு முன்னால் போன ஊர்வலம்

எங்கள் பென்ரூத் ஊரில் சவ ஊர்வலம் வரும் சத்தம் கேட்டால், வழியிலுள்ள வீடுகளில் ஜன்னல் திரைகளை இழுத்துவிடுவோம். கல்லறைக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள்.

ஜெர்மனியோடு சண்டை மூண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது, கண்ணுங்களா. அன்று எலியாசர் ப்ராஸர் ஐயாவின் நினைவு நாள். போர் வேண்டாம் என்று போன நூற்றாண்டில் ஊர் ஊராகப் பேசியவர். எங்கள் வீட்டுக்கு எதிரே சதுக்கத்தில் கற்சிலையாக நிற்கிறார். வருஷாவருஷம் ஆண்கள் ஆலயத்திலிருந்து பாடிக்கொண்டே அவரிடம் வருவார்கள். அந்த வருஷமோ, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ஒரு சார்ஜென்ட் சிலையடியிலேயே மேசை போட்டிருந்தார். என் கணவர் தெய்லோ கையெழுத்துப் போடுவதென்று இருந்தார். நான் அழுதும் கேட்கவில்லை.

காலையிலேயே மூடுபனி. தெருவில் மெதுவான காலடிகள், அடக்கப் பாட்டு. யார் செத்ததென்று தெரியாமலே திரையை இழுத்தேன். இடுக்கு வழியாகப் பார்த்தால், போதகர் நடக்கவேண்டிய இடத்தில் ப்ராஸர் ஐயா நடந்தார். பின்னால் வெறுந்தலையோடு என் தெய்லோ. சவப்பெட்டி இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஆலயத்திலிருந்து ஆண்கள் கேலியும் கூச்சலுமாக வந்தார்கள்.

"நெஸ்ட்! யாரு செத்தது? தெருவே மூடிக் கெடக்கு!" என்றார் தெய்லோ.

வெளியே ஓடினேன். "இப்பத்தானே போனீங்க? ப்ராஸர் ஐயா பின்னாடி!"

"நாங்க இப்பத்தான் வர்றோம்டி."

சார்ஜென்ட் சிரித்தார். "பொண்டாட்டி திரைய மூடினா பயந்துருவியாப்பா? பாவாடை ஒண்ணு தரட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு மாப்லி வாசலுக்கு வந்தாள்.

"நான் உன் புருஷனப் பாக்கலடி," என்றாள். "என் மகன் இத்தெலத்தான் பாத்தேன்."

அடுத்த வாசலில் ஒருத்தி தன் தம்பி பெயரைச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"பொம்பளைங்களுக்குப் பனியும் பேயாத்தான் தெரியும்," என்று இத்தெல் பேனாவை எடுத்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். தெய்லோ சிலையை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் எங்கள் ஜன்னலை. திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார்.

"கோழை!" என்றது ஒரு குரல். யாருடையது என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் திரையைத் திறக்கக் கை நீட்டினார். தடுத்தேன்.

"கல்லறைக்குப் போனவங்க திரும்பின பிறகுதாங்க திறக்கணும்."

என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே பேனா கை மாறிக்கொண்டிருந்தது. இருட்டில் இருவரும் அந்த மெதுவான காலடிகளுக்காகக் காது கொடுத்திருந்தோம். அவை திரும்பி வரவேயில்லை.