உச்சிவேளைத் தண்ணீர்

எண்பத்து நான்காம் ஆண்டு வைகாசியில், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அரியாலைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிய பராசக்தியின் நிழல் மஞ்சளாக விழுந்தது. அரைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றினதுபோல் அவளுடைய காலடியில் தொடங்கி எதிர்வேலி வரைக்கும் கிடந்தது. சுருட்டு வாங்க நின்ற இரண்டு பேர் விலகி வழிவிட்டார்கள். மற்றபடி அன்று சந்தியில் விசேஷம் ஒன்றும் இல்லை.

அவள் போனது நல்ல காரியத்துக்கு. அம்மன் கோயிலை நடத்துகிற பொன்னம்பலத்தின் மனைவிக்கு ஒப்பரேசன். இரத்தம் வேண்டும் என்றதும் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையின், அந்தக் குறுந்தெருவின், ஆண்பிள்ளைச் சிங்கங்கள் எல்லாம் தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள, அவள்தான் கையை நீட்டினாள். டொக்டர் சோதித்துவிட்டு வேண்டாமென்றார். "வருத்தம் ஒண்டும் இல்லையம்மா. ஈரலுக்கு ஆகாத கிருமி ஒண்டு இரத்தத்திலை தங்கியிட்டுது. தண்ணியாலை, சாப்பாட்டாலை தொத்தாது. இந்த நாட்டிலை நூறு பேரைப் பிடிச்சால் ஓராளுக்கு இருக்கும்." ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்து அதை அப்படியே வந்து ஒழுங்கைக்குச் சொன்னாள். அதுதான் அவள் செய்த விசர்வேலை.

வேறு யாரோ கொடுத்த இரத்தத்தில் மனைவி பிழைத்துவிட, பொன்னம்பலம் ஒழுங்கைக்கே பொதுவான பங்குக் கிணற்றடியில் சனத்தைக் கூட்டினார். டொக்டர் சொன்னதில் அவருடைய காதில் ஏறினது கணக்கு மட்டுந்தான். "எங்கடை ஒழுங்கையிலை ஒரு நூறு சனம் தேறும். நூறுக்கு ஒண்டெண்டால் உவள் ஒருத்தியே காணும். மற்ற ஆருக்கும் பயமில்லை." ஊரின் பங்கு ஒருத்தி தலையோடு தீர்ந்ததற்காக அம்மனுக்குப் பொங்கல்கூட வைத்தார்கள். பிறகு, மஞ்சள் நிழல் கிணற்றில் விழக்கூடாது, நிழல் காலுக்குள் ஒடுங்குகிற உச்சிவேளையில் மட்டும் அவள் தண்ணீர் அள்ளலாம் என்று முடிவாயிற்று.

"தண்ணியாலை தொத்தாதெண்டு டொக்டர் சொன்னவர்," என்றாள் பராசக்தி.

"டொக்டர் இந்தக் கிணத்திலையே குடிக்கிறார்?" என்றார் பொன்னம்பலம்.

அவளுக்காகக் கதைக்க ஆளில்லை. புருஷன் மார்க்கண்டு முந்திய ஆடியில் கொழும்பில் இருந்தவன், கலவரத்துக்குப் பிறகு திரும்பவேயில்லை. ஆறு வருஷம் மண்டை பிளக்கிற வெயிலில் அள்ளினாள். வெயிலே இல்லாத மாரியில் உச்சி எதுவென்று பொன்னம்பலம் வந்து சொல்லவேண்டும். அவர் சாப்பிட்டு, ஒரு கண் உறங்கி எழும்பித்தான் வருவார். அவள் வாளிக்கொரு சாபம் போட்டாள். அவரை மனதார வெறுத்தாள்.

தொண்ணூறில் ஷெல்லடி தொடங்கி ஆஸ்பத்திரி காயக்காரரால் நிறைந்தபோது, இரத்தம் எடுக்கிற வாகனம் கோயில் வாசலுக்கே வந்தது. இந்த முறை ஒளிக்க இடமில்லை. இரத்தத்தைச் சோதித்து முடிய, அன்று பின்னேரம் ஒழுங்கையின் ஆண்களில் பலருடைய நிழல் மஞ்சளாயிற்று. முதல் நிழல் பொன்னம்பலத்தினுடையது. எல்லாரும் அம்மன் திருவிழாவில் முதுகில் செடில் முள்ளுக் குத்திக் காவடி ஆடுகிறவர்கள். ஊருக்கு ஒரே தொகுதி முள்ளுகள். செப்புப் பெட்டியில் வைத்திருப்பவர் பொன்னம்பலம். ஒருவன் முதுகில் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, அடுத்தவன் முதுகில் குத்துவார். மார்க்கண்டுவும் ஆடினவன்தான். சாம்பலில் சட்டி தேய்த்து வெடித்த கையால் அவனுடைய காயங்களை வருஷாவருஷம் கழுவியவள் பராசக்தி.

டொக்டர் பொய்யன் என்று பொன்னம்பலம் சொல்லிப்பார்த்தார். சட்டம் அவர் போட்டது, மாற்ற வழியில்லை. மறுநாளிலிருந்து உச்சியில் கிணற்றடியில் வரிசை நின்றது. "நான்தான் முதல்," என்றாள் பராசக்தி. ஆறுதலாக அள்ளினாள். நிழல் சாயும்வரைக்கும் அள்ளினாள். பின்னால் நின்றவர்கள் வெறும் வாளியோடு திரும்பினார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்கி வர, வலிகாமப் பகுதியே ஊரை விட்டு எழும்பி நடந்தது. இரவு முழுக்க மழை. விடிந்து நாவற்குழி வெளியில் வெயில் எறித்தபோது பராசக்தி நிலத்தைப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் சனத்தின் நிழல். நூறு கறுப்புக்கு ஒரு மஞ்சள் என்ற கணக்கில், பெட்டியோடும் பிள்ளையோடும் யார்யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. தன்னுடைய ஒழுங்கைச் சனம் மட்டும் ஒரு மஞ்சள் திட்டாக நகர்ந்தது.

"டொக்டர் பொய் சொல்லேல்லை," என்றாள்.

பொன்னம்பலம் நாக்கு வறண்டு அவளுடைய தண்ணீர்க் கானைப் பார்த்தார். "பிள்ளை, ஒரு மிடறு தா."

"பொறுங்கோ. உச்சியாகட்டும்."

அவர் தம்முடைய நீண்ட நிழலைப் பார்த்தார். தெருவோரத்தில் குந்தினார். சனம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. நிழல் காலுக்குள் வந்ததும் பராசக்தி கானை நீட்டினாள், அவர் வாங்கிக் குடித்தார்.