சாவி எங்கடி

"அந்தச் சாவி எந்தச் சாவி சார்?"

பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டாவது முறையாக அதையே கேட்டாள். லிஃப்ட் ஓடாததால் அத்தனை மாடியும் படியேறி வந்திருந்தாள், மூச்சு இன்னும் அடங்கவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவளாம். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, நாடாவைக் கழற்றக்கூட மறந்து, அப்படியே பஸ் ஏறிவிட்டாள் போலிருக்கிறது.

பாடலாசிரியர் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகைகள் வருவது உண்டு, சிலர் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். ஸ்டுடியோக்களில் அவருக்குப் 'பத்து நிமிஷம்' என்று பெயர். மெட்டைப் போட்டுக் காட்டிவிட்டு டீ சொல்லி அனுப்பினால், டீ வருவதற்குள் பாட்டு வந்துவிடும். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பேட்டிகளில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ஜனங்க மெட்டைத்தான் கேக்கறாங்க, வார்த்தைய யாருங்க கேக்கறா? நாம இடத்தை நிரப்பறோம், அவ்வளவுதான்" என்று சொல்லுவார். கேட்பவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டுவார்கள். அது அடக்கமில்லை, அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

"எந்தப் பாட்டும்மா?" என்றார், தெரிந்துகொண்டே.

அவள் வெட்கப்படாமல் பாடினாள். பாடினாள் என்பதைவிட, ஒப்பித்தாள்.

"டப்பா டிப்பா சாவி எங்கடி
அப்பால் இப்பால் தேடிப் பாரடி."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரையே ஆட்டிவைத்த பாட்டு. கல்யாண வீடு, ஆட்டோ, கைப்பேசி மணி என்று எங்கு போனாலும் அதுதான். அவருடைய வங்கிக் கடனை அடைத்ததும் அந்தப் பாட்டுதான். அவள் சொன்ன விதத்தில் மட்டும் அது பாட்டாகவே இல்லை.

பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வண்டியை எடுத்ததும் அந்தப் பாட்டைப் போட்டுவிடுவார், ஷெட்டில் விடும்வரை திரும்பத் திரும்ப அதுவே ஓடும். "கண்டக்டர் கையெடுத்துக் கும்பிடுவாராம், வேற பாட்டே கிடைக்கலையான்னு." ஒருநாள் காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கையும் காலும் போயின, அதோடு பேச்சும் போனது. சொல்ல வருவதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும், முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாள் அவள் அவருக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று வார்த்தை பிசகாமல், சுருதிகூட விலகாமல், அந்த இரண்டு வரியையும் பாடினாராம்.

"பேச்சு வந்துடுச்சுன்னு தெருவுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன் சார். ஆனா அது மட்டும்தான் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அது மட்டும்தான்."

பசித்தாலும் அதுதான். வலித்தாலும், கோபம் வந்தாலும், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் அதுதான். குரல் ஏறி இறங்குவதை வைத்தே அவள் எல்லாவற்றையும் பழகிக்கொண்டுவிட்டாள். மகள்தான் பாவம். பள்ளி வேனில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டால் பாதி வழியிலேயே இறங்கி நடந்து வந்துவிடுகிறாள்.

"ஆனா சாயங்காலம் லைட் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ என் கையப் புடிச்சிட்டுச் சொல்லுவாரு சார். மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. அதுதான் எனக்குப் புரியல. எதையோ தேடச் சொல்றாரு. பீரோவத் தேடிட்டேன், பரண்ல தேடிட்டேன். டிப்போவுக்குப் போய் அவரோட லாக்கரத் தெறந்து பாத்தேன். ஒரு சோப்பு டப்பாவும் பழைய சட்டையும் இருந்துச்சு." நாடாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே சற்று நிறுத்தினாள். "வேற எங்கயாச்சும் ஒரு வீடு வெச்சிருந்தாரோ, அந்த வீட்டுச் சாவியோன்னுகூட ஒரு கேவலமான சந்தேகம் வந்துச்சு. கண்டக்டரக் கூப்பிட்டு வெச்சிக் கேட்டேன். அவரு அழுதுட்டாரு. எழுதினவரு நீங்க, உங்களுக்குத் தெரியாம இருக்காதேன்னு வந்தேன்."

பாடலாசிரியருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். மெட்டுப் போட்ட அன்று இசையமைப்பாளரின் உதவியாளர் தன் பைக் சாவியைத் தொலைத்துவிட்டு ஸ்டுடியோவைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் சாவி எங்கே, சாவி எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மெட்டின் அந்த இடத்துக்கு வார்த்தை அகப்படாமல், காதில் விழுந்ததையே அவர் போட்டுப் பாடிக் காட்டினார். அப்போதைக்கு இது இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணே, இதையே வெச்சுக்கலாம்" என்றார் இசையமைப்பாளர். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பேட்டிக் குரல்தான் தானாக வந்தது. "அது மனசோட சாவிம்மா. ஒவ்வொரு மனுஷனும் தேடறது அதைத்தானே."

அவள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நம்பியது போலவும் இருந்தது, நம்பாதது போலவும் இருந்தது. "நீங்க ஒரு தடவ வந்து பாருங்க சார்" என்று விலாசம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "மனசோட சாவியாமே! ஏங்க, அது பைக் சாவின்னு நீங்கதானே வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க? நானும் கூடச் சிரிச்சேனே" என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

அவர் போனார். போகாமலிருக்கத்தான் பார்த்தார், பாட்டு விடவில்லை. கீழ்வீட்டுக்காரரின் கைப்பேசி அதைப் பாடியது. சிக்னலில் பக்கத்தில் நின்ற கார் கண்ணாடிகள் அதிர அதைப் பாடியது. முன்பெல்லாம் இதைக் கேட்டால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். இப்போது பார்த்தேயிராத ஒரு மனிதர் அந்தக் குரல்களுக்குள் உட்கார்ந்துகொண்டு எதையோ கேட்பதுபோல இருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது, அதுதான் நிஜம்.

ஒற்றை அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின், எதிர்ச்சுவரை ஒட்டிக் கட்டில். தலையணைகளை அண்டக்கொடுத்து டிரைவரை உட்கார வைத்திருந்தாள். அகன்ற தோள்கள், ஒருநாளும் சும்மா இருந்திராத பெரிய கைகள். வலது கையை மட்டும் மடியில் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. நன்றாகச் சவரம் செய்து, தலை வாரிவிட்டிருந்தாள்.

"என்னங்க, இவர்தான் அந்தப் பாட்டு எழுதினவரு."

டிரைவரின் முகம் மலர்ந்தது. "டப்பா டிப்பா சாவி எங்கடி!" என்றார். வாங்க, உட்காருங்க என்று அதற்கு அர்த்தம். பாடலாசிரியர் மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் டீ கொண்டுவந்தபோது டம்ளரைக் கண்ணால் காட்டி டிரைவர் அதையே இன்னொரு விதமாகச் சொன்னார், அவள் போய்ச் சர்க்கரையை எடுத்து வந்தாள். பிறகு டிரைவரின் இடது கை நீண்டு வந்து பாடலாசிரியரின் மணிக்கட்டைப் பிடித்தது. ஸ்டியரிங் பிடித்த கை, இரும்பாக இறுகியது. முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோய்விட்டது. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, "அப்பால்... இப்பால்... தேடிப் பாரடி" என்றார்.

ஒரு மனிதனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அத்தனையும் அந்தக் கண்களில் வந்து நெருக்கிக்கொண்டு நின்றன. வெளியே வர அவற்றுக்கு இருந்ததெல்லாம் தான் இடம் நிரப்புவதற்காகத் தூக்கிப் போட்ட குப்பைதான் என்று பாடலாசிரியருக்குப் பட்டது. மணிக்கட்டை விடுவித்துக்கொள்ள அவர் முயலவில்லை.

வாசல்வரை வந்தவள்தான் கேட்டாள். "ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி கொடுக்கற மேடம் சொன்னாங்க சார், பாட்டு தங்கற எடம் வேறயாம், பேச்சு தங்கற எடம் வேறயாம். அதே மெட்டுல வேற வார்த்த போட்டுச் சொல்லிக் கொடுத்தா ஒருவேள புடிச்சுக்குவாராம். ரெண்டே ரெண்டு வரி எழுதிக் கொடுங்களேன். அவருக்கு ஆகறமாதிரி."

"அதுக்கென்னம்மா, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டார், பழக்கதோஷம்.

நாட்கள் ஓடின. எழுதிக் கிழித்தார், கிழித்து எழுதினார். இரண்டு படங்களுக்கான மெட்டுகள் கைப்பேசியில் காத்துக்கிடந்தன, இசையமைப்பாளர் அழைத்தால் எடுப்பதில்லை. வானம், வாழ்க்கை, காதல் என்று எழுதிப் பார்த்து, அந்த மனிதர் காலைக்கடனுக்காக வானத்தைக் கூப்பிடுவதை நினைத்து, தன்மேலேயே வெறுப்பு வந்து எழுதியதை அடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆகிற இரண்டு வரி. பசிக்கும் ஆகவேண்டும், சாயங்காலத்துக்கும் ஆகவேண்டும்.

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தபோது போய் நின்றார். "உனக்கு ரெண்டே வரிதான் மிச்சம்னா என்ன சொல்லுவ?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மொதல்ல தண்ணி கேப்பேன்." களைந்த நீரை வடித்தாள். அரிசியை உலையில் போட்டுவிட்டு, "அப்புறம், கொஞ்ச நேரம் இங்கயே இருங்கன்னு சொல்லுவேன்" என்றாள்.

மறுநாள் மாலை அவர் எழுதி முடித்த இரண்டு வரியை எடுத்துக்கொண்டு போனார்.

"கிட்ட வந்து தண்ணி குடுடி
விட்டுப் போகாம பக்கம் இருடி."

தையல்காரி அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, பயிற்சி மேடம் காட்டிக் கொடுத்தபடி, கணவரின் இடது உள்ளங்கையில் தாளம் தட்டிக்கொண்டே பாடிக் காட்டினாள். பாடலாசிரியரும் கூடவே பாடினார். டிரைவர் அவர்கள் உதடுகளையே பார்த்தார். ஒரு முறை, இரண்டு முறை, பல முறை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"கிட்ட... கிட்ட வந்து..."

அவள் கை தாளத்தை மறந்து நின்றது.

"கிட்ட வந்து... சாவி எங்கடி."

மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அங்கேதான் வந்து நின்றது. மூன்றாம் தடவை டிரைவர் கையை உதறிக்கொண்டு, தலையை ஆட்டி, ஏறக்குறையக் கத்தினார். "சாவி எங்கடி! சாவி எங்கடி!"

பாடலாசிரியருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "சாவியே கிடையாதும்மா" என்றார். "அன்னிக்கு நான் சொன்னது பொய். ஸ்டுடியோவுல ஒருத்தரோட பைக் சாவி தொலைஞ்சுபோச்சு. வார்த்தை கிடைக்காம அதைப் போட்டேன். அதுல ஒண்ணுமே இல்ல. நான் எதையும் நினைச்சு எழுதலம்மா."

டிரைவர் அவரைப் பார்த்தார். கோபமில்லாமல், வழி கேட்டு நிற்கும் பிரயாணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கிட்ட வந்து... சாவி எங்கடி. அப்பால்... இப்பால்... தேடிப் பாரடி."

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் விளக்குப் போடவில்லை.

"உங்களுக்கு இல்ல சார்" என்றாள் அவள், வருத்தமே இல்லாமல். "அவருக்கு இருக்கு."

கட்டிலை விட்டு இறங்கி கணவர் பக்கமாகக் குனிந்து, "இதோ பாக்கறேங்க" என்றாள். தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். பாபின்களும் கொக்கிகளும் கலகலத்தன. அதை மூடிவிட்டுத் தைத்து அடுக்கியிருந்த சீருடைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். பலமுறை தேடிய இடங்கள், அவள் கைகள் வரிசை தவறாமல் போயின. டிரைவரின் கண்கள் அவள் கூடவே போயின. பிறகு அவை திரும்பிப் பாடலாசிரியரிடம் வந்து நின்றன. நீயும்தான் என்பதுபோல.

பாடலாசிரியர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். மண்டி போட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினார். குளிர்ந்த தரை, ஒரு நூல்கண்டு, ஒற்றைச் செருப்பு. கை இன்னும் உள்ளே, இருட்டுக்குள், சுவர்வரை போனது. தலைக்கு மேலே டிரைவர் சன்னமாகப் பாட ஆரம்பித்திருந்தார்.