பொட்டலத்தில் மட்டும் இருந்த வரிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்த 'லைப்ரரி' என்னும் தயார் நிரல் தொகுப்புகள் அந்த மென்பொருளுக்குள் நிறைய இருந்தன. அவற்றை நம்பலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

அன்று காலை அவள் கையில் எடுத்தது தேதியையும் நேரத்தையும் மாற்றித் தரும் ஒரு குட்டி லைப்ரரியின் புதிய பதிப்பு. எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த மூல நிரலில் ஒரு குறையும் இல்லை. நிறுவிக்கொள்ளத் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், மூலத்தில் இல்லாத சில வரிகள் உள்ளே உட்கார்ந்திருந்தன. கருவியின் கடவுச்சொல்லை எடுத்து எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்பும் வரிகள். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

லைப்ரரியை எழுதியவரின் இணையப் பக்கத்தில் தொலைபேசி எண் இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று அழைத்தாள்.

"என்ன சார் உள்ள கலந்து வச்சிருக்கீங்க? ஆஸ்பத்திரி மெஷின்ல ஓடுது இது, தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலயா?" மறுமுனையில் குரல் நடுங்கியது. "என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையேம்மா."

அந்த வரிகளைப் படித்துக் காட்டினாள்.

"ஐயோ. இப்ப நான் அதப் பாக்கறதில்லம்மா. வீட்டுக்காரிக்கு உடம்பு முடியல. ரொம்ப நாளா ஒத்தாசை பண்ணிட்டிருந்த ஒருத்தர்கிட்ட பொறுப்பக் குடுத்துட்டேன். முகம்கூடப் பாத்ததில்ல." கொஞ்சம் தயங்கினார். "உங்க கம்பெனியிலருந்துதான் மெயில் மேல மெயில். ஏன் லேட்டு, பிழைய எப்ப சரி பண்ணுவன்னு. கேஸ் போடுவேன்னுகூட உங்க மேனேஜர் எழுதினார். அப்பதான் போதும்டா சாமின்னு விட்டேன்."

அவள் கோபம் தணியவில்லை. ஆள்தான் மாறியது.

மேனேஜர் காபி குடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊரே அதத்தான் யூஸ் பண்ணுது. நாளைக்கு நம்ம சாஃப்ட்வேர் ரிலீஸ். இப்ப சரின்னு போடுங்க, அடுத்த வெர்ஷன்ல எடுத்துக்கலாம். வெளிய தெரிஞ்சா அந்த ஆளு அலட்சியம்னு ஒரு அறிக்கை விட்டுடலாம்."

"அந்த ஆளுக்கு கேஸ் போடுவேன்னு எழுதினது நீங்கதானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"ஓசியில தின்னுட்டு, சமைச்சவனையே மிரட்டியிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"குரல ஒசத்தாதீங்க."

"ஒசத்துவேன்! படுத்திருக்கறவங்களோட நரம்புல ஊசி குத்தியிருக்கு சார். அந்த மெஷினோட சாவிய முகம் தெரியாதவன்கிட்ட குடுக்கச் சொல்றீங்க."

அவர் கணினியைத் திருப்பி, அவள் கண் முன்னாலேயே ஒப்புதல் தரும் உரிமையை அவளிடமிருந்து பிடுங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

அவள் படிக்கட்டுக்கு வந்தாள். கருவிகளை வாங்கும் பெரிய மருத்துவமனையின் பொறியாளரை அழைத்து, நாளை வரும் எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றாதீர்கள் என்று காரணத்தோடு சொன்னாள். அவர் மற்ற மருத்துவமனைகளுக்கும் சொன்னார். சாயங்காலத்துக்குள் ரிலீஸ் நின்றது; எல்லாம் லைப்ரரிக்காரரின் அலட்சியம் என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அவள் வேலையும் போனது. வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசியது விதிமீறல் என்றார்கள். "ஆமா, மீறினேன்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

லைப்ரரிக்காரர் பொட்டலங்களை வைத்திருக்கும் இணையதளத்தாரிடம் பேசி, லைப்ரரியின் அந்தக் கெட்ட பதிப்பை எடுக்க வைத்தார். பிறகு அவளை அழைத்தார்.

"என்னாலதானேம்மா உங்க வேலை போச்சு?"

"உங்களால இல்லண்ணா!" அவள் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "உங்களாலன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க. அதத்தான் அவங்க அறிக்கையில எழுதி வச்சிருக்காங்க. மேனேஜர் உங்களுக்கு அனுப்பின மெயிலையெல்லாம் எனக்கு அனுப்புங்க. நடந்தத நடந்தபடி நான் எழுதறேன், என் பேர் போட்டு."