கடல் பக்கத்துக் கம்பி

மீன் ஏலக் கூடத்தின் கூரையில் வெடிப்பு விழுந்த அன்று, பிரியந்தினி ஊர் முன்னால் நின்று வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். பொய் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. ஆனால் பார்க்காமல் அடித்துச் சொன்னதை வேறு என்னவென்று சொல்வது?

கொழும்புத்துறைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்காகக் கட்டிய கூடம் அது. நடுவில் தூண் கிடையாது. றோட்டுப் பக்கத்தில் எழும்பிக் கடல் பக்கத்தில் இறங்குகிற ஒரே வளைவான கொங்கிறீற் கூரை. இரண்டு விளிம்பிலும் பதினெட்டுச் சென்ரிமீற்றர் தடிப்பு. உச்சிக்குப் போகப் போக மெலிந்து எட்டு. அந்த வளைவைக் கணினியில் கட்டி, எந்த இடத்தில் எத்தனை கம்பி என்று படம் கீறியவள் பிரியந்தினி, பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலியில் ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்துப் பொறியியலாளர். படத்தைப் பார்த்துக் கம்பி கட்டி வார்த்தவர் உள்ளூர் மேசன் அடைக்கலநாதன்.

வார்ப்பைத் தாங்கிய முட்டுக் கழற்றி இரண்டாம் நாள், கடல் பக்க விளிம்போடு ஒரு வெடிப்பு ஓடியது. ரூபாய் நாணயக் குத்தி ஒன்று நுழைகிற அகலம். அவசரமாகத் திரும்ப முட்டுக் கொடுத்துவிட்டு, சங்கத் தலைவர் தியாகராசா எல்லோரையும் கூப்பிட்டார்.

"இது ஆரின்ரை பிழை?"

பிரியந்தினி முந்திக்கொண்டாள். "கொம்பியூட்டர் மொடலிலை ஒரு பிழையும் இல்லை. கூரையின்ரை மொத்தப் பாரம் கையாலை போட்ட கணக்கோடை அச்சொட்டாச் சரி. இஞ்சைதான் தடிப்பைக் கவனிக்காமல் வாத்திருக்கினம்."

அடைக்கலநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "படத்திலை இருந்தபடிதான் செய்தனான்," என்றார். அவ்வளவுதான். அவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் கடைசி முடிவு. இனி இந்த ஊரில் ஒரு மதில் கட்டக்கூட இவரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று யாரோ முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டது. கேட்டும் கேளாததுபோல ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அலுவலகத்தில் முதலாளி நமசிவாயம் சேர், "பிள்ளை, சங்கத்துக்கு அறிக்கை குடுக்கவேணும். மொடலைத் தடிப்போடை ஒரு படம் எடுத்துப் போடும்," என்றார். அதுவரை அந்தக் கூரையை எல்லோரும் தடிப்பில்லாத வெறும் தாளாகத்தான் திரையில் பார்த்திருந்தார்கள். தடிப்போடு காட்டச் சொன்னால் அந்த அலுவலகக் கணினி உறைந்துபோய் நின்றுவிடும். அதனால் அங்கே ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை. அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

பிரியந்தினி பொத்தானை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். திரும்பி வந்தபோது படம் வந்திருந்தது. கோப்பையை வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

றோட்டுப் பக்கம் சரி. கடல் பக்கம் தலைகீழ். உச்சிக்குப் பக்கத்தில் தடித்து, விளிம்பில் அப்பளமாய் மெலிந்து கிடந்தது.

பார்த்தவுடனே காரணம் விளங்கிவிட்டது. வளைவை இருபது கீற்றாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு தடிப்புக் கொடுத்திருந்தாள். முதல் பத்து இலக்கத்தையும் அட்டவணையில் எழுதியவள், மறு பாதிக்கு அதே பத்தையும் வரிசை மாற்றாமல் ஒட்டிவிட்டாள். அதே இலக்கங்கள்தானே, பாரம் எப்படிப் பிழையாகும்? அவள் ஊர் முன்னால் பெருமையடித்த கணக்கு அதுதான். கணினிக்குள் மெலிந்து கிடந்த விளிம்பில் வளைக்கிற விசை குறைவாகத்தான் வந்தது. அதற்கேற்பக் கம்பியும் குறைந்தது. வார்க்கக் கொடுத்த படத்திலோ தடிப்பை அவள் கையால் சரியாகக் குறித்திருந்தாள். நிசத்தில் தடித்துப் பாரமாக நின்ற விளிம்புக்கு அந்தக் கம்பி எந்த மூலைக்குக் காணும்?

அப்போதுதான் அந்தத் தொலைபேசிக் கதை நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு முன், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எடுத்த அடைக்கலநாதனின் அழைப்பு.

"பிள்ளை, வளைவு ரெண்டு பக்கமும் ஒண்டுதானே? றோட்டுப் பக்கம் பன்னிரண்டு கம்பி, கடல் பக்கம் ஆறு. உது சரியோ?"

"அண்ணை, உது கொம்பியூட்டர் போட்ட கணக்கு. உங்களுக்கு விளங்காது. படத்திலை உள்ளதைச் செய்யுங்கோ."

"ஓம் பிள்ளை."

விளங்காது! எவருக்கு விளங்கவில்லை?

அட்டவணையைத் திருத்திவிட்டு, மண்ணிலும் அத்திவாரத்திலும் பழி போட்டு அறிக்கையைப் பூசி மெழுகலாம் என்று ஒரு கணம் நினைக்காமல் இல்லை. மனச்சாட்சி அவளைத் தடுத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தடுத்தது பயம். ஞாயிற்றுக்கிழமை அடைக்கலநாதன் அந்தத் தொலைபேசிக் கதையை எடுத்துவிட்டால் என்ன ஆவது? அவர் வாய் திறப்பதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூட்டத்துக்குக் கொழும்புத்துறைக்குப் போனாள்.

முட்டுக் கொடுத்த கூரையின் கீழே ஐம்பது பேர் இருந்தார்கள். அவள் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டிய அட்டவணை, பார்க்காத படம், ஆறு கம்பி, அண்ணை கேட்டது, தான் எடுத்தெறிந்து பேசியது. "பிழை முழுக்க என்ரை. அவர் மேலை ஒரு பிழையும் இல்லை," என்று முடித்தாள்.

தியாகராசா மேசன் பக்கம் திரும்பினார். "கேட்டனீரோ? பிறகேன் காணும் அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு நிண்டனீர்?"

அவர் தலைவருக்குப் பதில் சொல்லவில்லை. பிரியந்தினியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான் கேட்டது உங்களுக்குத் தெரியும்தானே பிள்ளை. நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் அன்றைக்குத் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது அவள் கண்முன் வந்தது. அவர் காத்துக்கொண்டு நின்ற அந்த நேரம் முழுக்க, அவர் கேட்டதே அவளுக்கு நினைவில் இல்லை. அந்த ஆறு கம்பிக் கேள்வியைக் கத்தரிக்காயோடு சந்தையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஊர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னவளுக்கு, மறந்துபோனேன் என்ற அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. அடைக்கலநாதன் இந்த முறையும் அவளைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு எழும்பிப் போய், கடல் பக்கத்து முட்டுகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.